நர்சம்மா பதில்கள்: கயிறு கட்டிய மூன்றாம் நாள்

கேள்வி: எங்களுக்குப் பரமக்குடிப் பக்கம். தை முடிந்து திருப்பூருக்கு வந்தோம். வீட்டுக்காரர் பனியன் கம்பெனியில் பவர்டேபிள் டெய்லர். தினமும் குடிப்பார். சனிக்கிழமை சம்பளம் வந்தால் ஞாயிறு முழுக்க நிதானமே இருக்காது. போன மாதம் சென்னிமலை முருகனுக்குக் கயிறு கட்டிக்கொண்டு ஒரேயடியாக நிறுத்தினார். மறுநாளே கை நடுக்கம், வேர்வை. மூன்றாம் நாள் ராத்திரி, சுவரில் எறும்பு ஊறுகிறது என்று கையால் தட்டிக்கொண்டே இருந்தார். லைன் வீட்டில் எல்லோரும் காத்து கருப்பு என்றார்கள். பயந்துபோய் நானே சரக்கு வாங்கிவரச் சொன்னேன், குடித்ததும் அடங்கிவிட்டது. இப்போது ஒரு நோட்டீஸில் ‘குடிப்பவருக்குத் தெரியாமலே குடியை நிறுத்தலாம்’ என்று போட்டிருந்தது. அந்த மருந்தை வாங்கலாமா? ஆதார், ரேஷன் கார்டு எல்லாம் ஊர் முகவரியில் இருக்கின்றன. இங்கே யாரையும் தெரியாது.
– பெயர் வேண்டாம், திருப்பூர்

பதில்: வாங்க வேண்டாம், அம்மணி. அந்தப் பொட்டலத்தில் என்ன இருக்கிறது என்று விற்கிறவனுக்கே தெரியாது. குடியை நிறுத்த டைசல்ஃபிரம் என்றொரு மாத்திரை உண்டு. அதைச் சாப்பிட்டுவிட்டுக் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வரும். ரத்த அழுத்தம் இறங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால்தான் நோயாளியிடம் சொல்லி, அவர் சம்மதித்த பிறகே டாக்டர்கள் கொடுப்பார்கள். தெரியாமல் ரசத்தில் கலந்து கொடுத்தால், அவர் வழக்கம்போலப் போய்க் குடிப்பார். அப்புறம் நடப்பதற்கு யார் பொறுப்பு?

எறும்பு விஷயத்துக்கு வருகிறேன். அது காத்தும் இல்லை, கருப்பும் இல்லை. தினமும் குடிக்கிறவரின் மூளை, சரக்கின் மந்தத்துக்கு ஈடுகொடுக்க எந்நேரமும் முடுக்கிவிட்ட மோட்டார் மாதிரி ஓடிப் பழகியிருக்கும். சரக்கு திடீரென்று நின்றால் முடுக்கம் மட்டும் மிஞ்சும். முதல் நாள் நடுக்கம், வேர்வை, தூக்கமின்மை. முதல் இரண்டு நாளுக்குள் சிலருக்கு வலிப்பு வரும். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்கு இல்லாதது கண்ணில் தெரியும், ஆள் அடையாளம் தெரியாது, உளறல், காய்ச்சல். இந்தக் கட்டத்தைக் கவனிக்காமல் விட்டால் ஆள் போய்விடலாம். குடித்ததும் அடங்கியதே, அதுவே இது சரக்கு நின்றதால் வந்தது என்பதைக் காட்டுகிறது. பயத்தில் நீங்கள் செய்ததற்கு உங்களை நொந்துகொள்ள வேண்டாம்.

சென்னிமலைக் கயிற்றை நான் குறை சொல்ல மாட்டேன். நிறுத்த வேண்டும் என்று அவருக்கே தோன்றியிருக்கிறது, அதுதான் பெரிய விஷயம். கயிறு கையிலேயே இருக்கட்டும். ஆனால் இனி டாக்டரைப் பார்க்காமல் அவராக ஒரேயடியாக நிறுத்தக் கூடாது. ஆஸ்பத்திரியில் சேர்த்து, நடுக்கத்துக்கான மாத்திரையைக் கொடுத்து, நாளுக்கு நாள் அளவைக் குறைப்பார்கள். குடிக்கிறவர் சரியாகச் சாப்பிட்டிருக்க மாட்டார் என்பதால் பி1 வைட்டமின் ஊசியும் போடுவார்கள்.

எங்கே போவது? தாராபுரம் ரோட்டில் இருக்கும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள். காலையிலேயே போய் ஓ.பி. சீட்டுப் போடும் இடத்தில் “குடியை நிறுத்த வந்திருக்கோம்” என்று சொன்னால் மனநலப் பிரிவுக்கு அனுப்புவார்கள். மனநலம் என்றதும் அவர் முறுக்கிக்கொள்வார். நடுக்கத்துக்கு மருந்து கொடுக்கிற டாக்டர் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறார் என்று சொல்லுங்கள். எந்த ஊர் ஆதாராக இருந்தாலும் அரசு ஆஸ்பத்திரியில் வைத்தியம் உண்டு. டாக்டரிடம் ஒரு நாளைக்கு எவ்வளவு, கடைசியாகக் குடித்தது எப்போது, அந்த எறும்பு சமாச்சாரம், இந்த மூன்றையும் மறைக்காமல் சொல்லுங்கள். ஆண்கள் முதலாவதைப் பாதியாகக் குறைத்துச் சொல்வார்கள், கூட இருந்து திருத்துங்கள்.

சம்பளத்தில் ஈ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் காப்பீட்டுக்குப் பணம் பிடிக்கிறார்களா என்றும் பாருங்கள். மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு அது உண்டு, குடும்பத்துக்கும் சேர்த்துத்தான். கம்பெனியில் “உடம்பு சரியில்லை, அட்மிட் ஆகியிருக்கிறார்” என்றால் போதும். அது பொய்யும் இல்லை.

ராத்திரியில் வலிப்பு வந்தாலோ உளற ஆரம்பித்தாலோ விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். 108-ஐக் கூப்பிடுங்கள், அவசரப் பிரிவு இரவு பகலாகத் திறந்திருக்கும். வலிப்பின்போது ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் வைக்காதீர்கள், தண்ணீர் புகட்டாதீர்கள். இரும்புச் சாவியைத் தேடி ஓடும் பக்கத்து வீட்டுக்காரரை ஆம்புலன்ஸுக்கு வழிகாட்ட ரோட்டுக்கு அனுப்புங்கள், உபயோகமாக இருக்கும்.

மறுவாழ்வு மையம் என்று போர்டு மாட்டியவை நிறைய உண்டு, நல்லவையும் உண்டு. மாநில மனநல ஆணையத்தின் பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள். டாக்டர் எப்போது வருவார், வீட்டு ஆட்கள் பார்க்கலாமா என்று கேளுங்கள். “நாங்களே ஆள் அனுப்பித் தூக்கிக்கொண்டு வந்துவிடுவோம்” என்கிற இடத்துக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். சங்கிலியில் கட்டிப்போடுவதை 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் தடை செய்திருக்கிறது.

14446 என்பது போதை மீட்புக்கான இலவச எண். அவர் கை ஓங்கினால் உங்களுக்கு 181 இருக்கிறது.

கேள்வி: எங்கள் காம்பவுண்டில் ஒடிசாப் பையன் ஒருவன் ஒரு வாரமாக வேலைக்குப் போகாமல் படுத்தே கிடக்கிறான். செத்துப்போகலாம் போலிருக்கிறது என்று கூட இருப்பவனிடம் சொன்னானாம். பாஷையும் தெரியவில்லை, போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்றும் பயம்.
– வீட்டு ஓனர், பெருந்துறை

பதில்: கேஸ் பயத்தை விடுங்கள். தற்கொலைக்கு முயன்றவரையே கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகக் கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது அதே 2017 சட்டம். இவன் வாய்விட்டுத்தான் சொல்லியிருக்கிறான். 14416-ஐ அழையுங்கள். 2022-இல் தொடங்கிய டெலிமனஸ் என்கிற அரசு மனநல போன் சேவை அது, 24 மணி நேரமும் இலவசம். தமிழ் மட்டுமில்லை, ஒடியா, இந்தியிலும் பேசுவார்கள். போனை அவனிடமே கொடுத்துவிடுங்கள். கூட இருப்பவனை வைத்து “சாகணும்னு தோணுதா?” என்று நேராகவே கேட்கலாம், கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. இன்றைக்கு ராத்திரி தனியாக விடாதீர்கள். பூச்சிமருந்து, மாத்திரை எதுவும் அந்த அறையில் இருக்க வேண்டாம். சாகத் தோன்றுகிறது என்று அவன் சொன்னால் பெருந்துறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு உடனே கூட்டிப் போங்கள். வாடகைப் பாக்கியைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

கேள்வி: 108-க்குக் காசு உண்டா? ஊருக்குப் புதுசு, முகவரி சொல்லத் தெரியவில்லை.
– ஒரு வாசகர், பல்லடம்

பதில்: காசு கிடையாது. நம் ஊரில் தெருப் பெயரைவிடப் ‘பிரிவு’, அதாவது மெயின் ரோட்டிலிருந்து ரோடு பிரிகிற இடத்தைச் சொன்னால்தான் எல்லோருக்கும் புரியும். எந்த ரோடு, எந்தப் பிரிவு, பக்கத்தில் என்ன மில், என்ன கோயில் என்று சொல்லுங்கள். அதை இன்றைக்கே வீட்டு ஓனரிடம் கேட்டுக் காலண்டர் அட்டையில் பெரிதாக எழுதி மாட்டிவிடுங்கள், போன் செய்வது குழந்தையாகவும் இருக்கலாம். டிரைவர் திரும்பக் கூப்பிடுவார், அந்த நேரத்தில் ஊரிலிருக்கும் அண்ணனுக்குப் போன் போட்டு அழுதுகொண்டிருக்காதீர்கள்.