எரிந்த கட்சியும் எரியாத கட்சியும்: ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு,

வணக்கம். மலையகக் கூத்துகளைப் பற்றி நீங்கள் எழுதிவருவதைத் தொடர்ந்து வாசிப்பவன் நான். இன்று கேட்கப்போவது அதற்குச் சம்பந்தமில்லாத விடயம் என்று நினைத்துப் பல நாள் தயங்கினேன். எனக்கு வயது 41. கொட்டகலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து, இப்போது ஆசிரியராக இருக்கிறேன். தொண்ணூறுகளில் எங்கள் லயத்துப் பையன்கள் எல்லோரையும்போல நானும் தொலைக்காட்சியில் வரும் அமெரிக்க மல்யுத்தமான ரெஸ்லிங்கில் பைத்தியமாக இருந்தவன். சென்ற வாரம் கைபேசியில் பழைய போட்டியொன்றைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எட்டு வயது மகன் எட்டிப் பார்த்து, "அப்பா, இது பொய்தானே? பேசி வச்சிக்கிட்டுத்தானே அடிக்கிறாங்க?" என்றான். எனக்குப் பதில் வரவில்லை, கைபேசியை அணைத்துவிட்டேன். நாங்கள் அத்தனை வருடமும் ஏமாந்துதான் போனோமா? அண்டர்டேக்கர் என்ற மல்லர் ஏழு முறை செத்துப் பிழைத்தவர் என்று நம்பினோமே, அந்தக் கதை எங்கிருந்து வந்தது? உங்கள் பார்வையில் அந்தக் காலத்துப் பகைகளில் பெரியது எது? மகனுக்கு ஒன்றைக் காட்டுவதென்றால் எதைக் காட்டலாம்?

இப்படிக்கு,
வாசகர், கொட்டகலை

அன்புள்ள தம்பிக்கு,

நீங்கள் தயங்கியிருக்கவே வேண்டாம். மன்மதன் எரிந்த கதையை ஆடும் காமன் கூத்தைப் பற்றி எழுத உட்காரும்போதெல்லாம் என் மனதின் ஓர் ஓரத்தில் அண்டர்டேக்கரும் தொப்பியுடன் வந்து நிற்பார். இதுவரை அவரை எழுத்துக்குள் விடாமல் வைத்திருந்தேன், அவ்வளவுதான்.

செத்துப் பிழைத்த கதையை முதலில் முடித்துவிடுகிறேன், ஏனென்றால் அதற்கு உண்மையாகவே ஒரு வேர் இருக்கிறது. 1990 நவம்பரில் முதன்முதலாகத் தோன்றிய அண்டர்டேக்கர், 1994 ஜனவரியில் ரோயல் ரம்பிள் நிகழ்ச்சியில் யோகோசுனாவுடன் சவப்பெட்டிப் போட்டியொன்றில் மோதினார். மற்ற மல்லர்கள் பலர் சேர்ந்து அவரைப் பெட்டிக்குள் அடைத்தார்கள். பெட்டியிலிருந்து புகை வந்தது. அவருடைய உருவம் அரங்கின் கூரையை நோக்கி எழுவதைப்போல ஒரு காட்சியும் காட்டப்பட்டது. பின்னர் அதே ஆண்டு ஓகஸ்டில் சிக்காகோவில் இரண்டு அண்டர்டேக்கர்கள் எதிரெதிரே நின்றார்கள். ஒருவர் போலி, மற்றவர் திரும்பி வந்தவர். இந்த ஒரு சாவும் ஒரு மீட்சியும் எங்கள் பள்ளிக்கூட பஸ்ஸுக்குள் ஏறி இறங்குவதற்குள் ஏழாகிவிட்டன. அண்டர்டேக்கரின் தம்பியாக வேடம் கட்டிய கேனுடைய கதை இன்னும் சுவையானது. தமையன் வைத்த தீயில் சிறுவயதிலேயே எரிந்துபோனதாகச் சொல்லப்பட்ட தம்பி, 1997 ஒக்டோபரில் முகமூடியுடன் வந்து இரும்புக் கூண்டின் கதவைப் பிய்த்தெறிந்தான். தமிழ்நாட்டு லாவணியில் மன்மதன் எரிந்தானா இல்லையா என்று எரிந்த கட்சியும் எரியாத கட்சியும் விடிய விடிய வாதாடுமே, அதைப்போல முகமூடிக்குப் பின்னால் தீக்காயம் இருக்கிறதா என்று நாங்கள் வாதாடினோம். 2003இல் முகமூடி கழன்றபோது முகத்தில் கரிப்பூச்சைத் தவிர ஒரு தழும்பும் இல்லை. எரிந்த கட்சிக்காரனான நான் அன்று தோற்றேன். அந்தக் கேன் அதற்கு முன்பு அதே கொம்பனியில் பல் வைத்தியராக வேடம் கட்டியவர் என்பதும், 2018இல் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் நொக்ஸ் கவுண்டியின் மேயராகத் தெரிவானார் என்பதும் வேறு கதைகள்.

இப்போது உங்கள் மகனின் கேள்விக்கு வருகிறேன். பேசி வைத்துத்தான் செய்கிறார்கள். அதில் ஒளிக்க ஒன்றுமில்லை. 1989இலேயே, இந்தப் போட்டிகளை நடத்தும் வின்ஸ் மக்மேனின் கொம்பனி நியூ ஜேர்சி மாநில செனட் சபையிடம், தாங்கள் நடத்துவது போட்டியல்ல, கேளிக்கை என்று ஒப்புக்கொண்டுவிட்டது. விளையாட்டு ஆணையத்தின் கட்டுப்பாட்டிலிருந்தும் வரியிலிருந்தும் தப்புவதற்காகச் சொன்ன உண்மை அது. ஆகவே நீங்களும் நானும் பார்க்கத் தொடங்கிய காலத்தில் அது பகிரங்கமான செய்திதான். காலையில் பேரு போட்டு வேலை பிரிக்கும் எங்கள் பெரட்டுக் களம் வரைக்கும்தான் அது வந்துசேரவில்லை.

வந்திருந்தாலும் பெரிய வேறுபாடு இருந்திராது என்றே நினைக்கிறேன். என் தாய்மாமன் ஒருவர் எங்கள் தோட்டத்தில் வருடா வருடம் ரதி வேடம் கட்டுவார். மாசி மாதத்தில் காமன் தகனத்தன்று, சிவனின் கண்ணிலிருந்து தீ வந்து மன்மதன் எரியப்போகிறான் என்பதைத் தப்படிக்கிறவரிலிருந்து தாய் மடியில் கிடக்கும் பிள்ளை வரைக்கும் எல்லோரும் அறிவார்கள். இருந்தும் ரதி தரையில் விழுந்து புலம்பும்போது, அந்த ரதி யாருடைய புருஷன், யாரிடம் எவ்வளவு கைமாற்று வாங்கியிருக்கிறார் என்றெல்லாம் தெரிந்த பெண்களே முந்தானையால் கண்ணைத் துடைப்பார்கள். மறுநாள் காலையில் அதே மாமா, காதோரத்தில் அரிதாரம் முழுவதும் போகாமல், கவ்வாத்துக் கத்தியோடு பெரட்டில் நிற்பார். ஒரு வருடம் அவருடைய பாதத்தில் நெருப்புப் பட்ட கொப்புளம் நாலு நாளைக்கு ஆறாமல் இருந்தது. கதை பொய்தானே என்று அந்தக் கொப்புளத்திடம் சொல்ல முடியுமா? 1998 ஜூனில் பிட்ஸ்பர்க்கில், ஏறத்தாழ 16 அடி உயரக் கூண்டின் உச்சியிலிருந்து அண்டர்டேக்கர் எறிந்த மேன்கைண்ட் என்ற மல்லர், வர்ணனையாளர் மேசையை நொறுக்கிக்கொண்டு விழுந்தார். எழுந்து வந்து மறுபடியும் ஏறி, இம்முறை கூண்டின் மேற்கூரை பிய்ந்து கோதாவுக்குள்ளேயே விழுந்தார். யார் வெல்வது என்று முன்கூட்டியே பேசியிருந்தார்கள். இரண்டாவது வீழ்ச்சி இருவருமே எதிர்பாராதது.

எது பெரிய பகை என்ற கேள்விக்கு வேறு நாளில் வேறு பதில் சொல்லக்கூடும். இன்றைக்கு எனக்கு 1997ஆம் ஆண்டே பதிலாகத் தோன்றுகிறது. அந்த ஓராண்டில் மல்லர்களான பிரெட் ஹார்ட், ஸ்டீவ் ஒஸ்டின், ஷோன் மைக்கல்ஸ், முதலாளி வின்ஸ் மக்மேன் ஆகிய நால்வருக்கிடையில் நடந்தவற்றில் எங்கே கதை முடிந்து எங்கே வாழ்க்கை தொடங்கியது என்று கோடு கிழிக்க இன்றும் என்னால் முடியவில்லை.

மார்ச் 23ஆம் திகதி, சிக்காகோவுக்கு அருகே, கொம்பனியின் வருடாந்தப் பெருநிகழ்ச்சியான ரெஸ்ல்மேனியா 13. அதுவரைக்கும் ஹார்ட் நல்லவர், ஒஸ்டின் போக்கிரி. "விட்டுவிடுகிறேன்" என்று ஒருவர் சொல்லும்வரை ஓயாத போட்டி அது. எங்கள் வீட்டில் இருந்தது கார் பெட்டரியில் ஓடும் கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சி. அமெரிக்காவில் நடந்தது மாதங்கள் பிந்தித்தான் எங்களை வந்தடையும். பெட்டரி இறங்க இறங்கப் படம் நான்கு ஓரங்களிலிருந்தும் சுருங்கிக்கொண்டே நடுவுக்கு வரும். அப்படிச் சுருங்கிய படத்துக்குள்தான் ஒஸ்டினின் முகத்தைப் பார்த்தேன். ஹார்ட்டின் ஷார்ப்ஷூட்டர் பிடிக்குள் கால்கள் மடங்கிக் கிடக்க, கைகளை ஊன்றி முதுகை வில்லாக வளைத்து எழப் பார்க்கிறார். நெற்றியிலிருந்து வழிந்த இரத்தம் பற்களுக்கிடையில் இறங்குகிறது. எங்கள் திரையில் அது கறுப்பாகவே வழிந்தது. அவர் விட்டுக்கொடுக்கவில்லை, மயங்கிப்போனார். நடுவராக நின்ற கென் ஷாம்ரொக் போட்டியை நிறுத்தினார். வென்ற பிறகும் ஹார்ட் விழுந்தவரை அடிக்கப் போனார். கைத்தாங்கலாக வந்தவர்களை உதறிவிட்டு ஒஸ்டின் நொண்டியபடி தானாகவே நடந்துபோனபோது கூட்டம் அவருடைய பெயரைச் சொல்லிக் கத்தியது. போக்கிரியாக உள்ளே போனவர் நாயகனாகவும், நாயகனாகப் போனவர் போக்கிரியாகவும் வெளியே வந்தார்கள். இதைத் திட்டமிட்டவர்கள் உண்டு. ஆனால் அரங்கில் இருந்த ஆயிரக்கணக்கானோரின் மனம் அரைமணி நேரத்துக்குள் கட்சி மாறுவதை எந்தத் திட்டத்தாலும் உறுதிசெய்ய முடியாது.

ஓகஸ்டில் நடந்ததை நினைத்தால் இன்றும் எனக்குக் கழுத்து கூசும். ஹார்ட்டின் தம்பி ஓவன், ஒஸ்டினைத் தலைகீழாகத் தூக்கி இறக்கியபோது கணக்குப் பிசகிவிட்டது. தலை தரையில் மோதி, கழுத்து மெய்யாகவே அடிபட்டு, ஒஸ்டின் சிறிது நேரம் அசைய முடியாமல் கிடந்தார். முன்பே பேசியபடி வெல்ல வேண்டியவர் ஒஸ்டின். கிடப்பவர் எழ மாட்டார் என்று கண்ட ஓவன் என்ன செய்தார் தெரியுமா? எதிரியைக் கேலி செய்வதுபோலக் கூட்டத்தைப் பார்த்துக் கத்திக்கொண்டு நேரத்தைக் கடத்தினார். ஒஸ்டின் ஊர்ந்து வந்து, பிள்ளை தாயின் சேலையைப் பிடிப்பதுபோல அவரைப் பின்னாலிருந்து பற்றியதும் தானாகவே மல்லாந்து விழுந்து மூன்று எண்ணிக்கைக்குக் கிடந்தார். அந்தப் பகையின் நடுவில் இருந்த கரிசனத்தை அன்று நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. ஓவனைத் திட்டித் தீர்த்தோம். 1999 மே மாதம் கன்சாஸ் நகர அரங்கின் கூரையிலிருந்து இறங்கும் வித்தையின்போது விழுந்து இறந்துபோன ஓவன் இவர்தான்.

அந்தக் கழுத்துக் காயத்தையே கொம்பனி கதையாக்கியது. வைத்தியர்கள் அனுமதிக்கும்வரை மோதக் கூடாது என்று புத்தி சொல்ல வந்த மக்மேனை, செப்டெம்பர் 22ஆம் திகதி நியூயோர்க்கில் ஒஸ்டின் தன் ஸ்டன்னர் பிடியால் வீழ்த்தினார். அதுவரை மக்மேனை வர்ணனையாளராகவே பெரும்பாலானோர் அறிந்திருந்தார்கள். முதலாளி அவர்தான் என்பது அப்போதுதான் மெல்ல மெல்லக் கதைக்குள் வந்துகொண்டிருந்தது.

நவம்பர் 9, மொன்ட்ரியல். ஹார்ட்டும் மைக்கல்ஸும் முந்திய ஆண்டு 60 நிமிடப் போட்டியில் ஒருவரையொருவர் ஒருமுறைகூட வீழ்த்த முடியாமல், மேலதிக நேரத்தில் மைக்கல்ஸ் வென்று முடித்தவர்கள். இருவருக்கும் உண்மையிலேயே ஆகாது. அந்த ஜூன் மாதம் உடைமாற்றும் அறையில் கைகலப்பே நடந்திருந்தது. பட்டத்தை வைத்திருந்த ஹார்ட் எதிர்க் கொம்பனியில் சேர ஒப்பந்தம் செய்திருந்தார். தன் சொந்த நாடான கனடாவில், அதுவும் மைக்கல்ஸிடம், தோற்க மறுத்தார். முடிவில்லாமல் போட்டி கலையும் என்று பேசிக்கொண்டார்கள். ஆனால் ஹார்ட்டின் பிடியை ஹார்ட்டின் மீதே மைக்கல்ஸ் போட்ட கணத்தில், அவர் விட்டுக்கொடுக்காமலேயே, கோதாவின் பக்கத்தில் நின்ற மக்மேன் மணியை அடிக்கச் சொன்னார். ஹார்ட் மக்மேனின் முகத்தில் துப்பினார். பேசி வைத்ததை முதலாளியே மீறிய இரவு அது. உங்கள் மகனின் கேள்வியை அந்த இரவிடம் கேட்டால் என்ன பதில் வருமென்று எனக்கே சொல்லத் தெரியவில்லை. 2010 ஜனவரி 4ஆம் திகதி அதே இருவரும் கோதாவுக்குள் கைகுலுக்கிக் கட்டிக்கொண்டார்கள். இருவரின் கண்ணும் கலங்கியிருந்ததைப் பார்த்தபோது எனக்கு முப்பது வயது கடந்திருந்தது, நானும் கலங்கினேன்.

மொன்ட்ரியலில் சம்பாதித்த வெறுப்பை மக்மேன் வீணாக்கவில்லை. கோட்டும் டையுமாகக் கோதாவில் நின்று கெட்ட முதலாளியாகவே நடிக்கத் தொடங்கினார், ஒஸ்டின் அவரை அடிக்கும் தொழிலாளியானார். உலகம் முழுவதும் இதைப் பார்த்தார்கள், ஆனால் தோட்டத்தை நிர்வகிக்கும் துரையின் ஜீப் வரும் சத்தம் கேட்டால் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்ற மனிதர்களோடு உட்கார்ந்து பார்த்தவர்கள் நாம்தான். என் அப்பாவுக்கு ரெஸ்லிங்கில் நாட்டமில்லை, அடுப்போரத்தில் திரும்பிப் படுத்துக்கொள்வார். ஒருநாள் இரவு மக்மேன் விழுவதைக் கண்டு எழுந்து உட்கார்ந்தார்.

"அந்தக் கோட்டுக்காரன் யாரு?"

"கொம்பனி முதலாளிப்பா."

"அப்ப தொரையா?"

"தொரைக்கும் மேல."

கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்தார். படம் நடுவுக்குச் சுருங்கிக்கொண்டிருந்தது.

"அடிச்சது சரி," என்றார். "நாளைக்குப் பெரட்டுல இவனுக்குப் பேரு போடுவானுங்களா?"

அந்தக் கதையை எழுதியவர்கள் ஒஸ்டினை வேலையிலிருந்து நிறுத்துவதும் திரும்ப எடுப்பதுமாக எத்தனை மாதங்கள் ஓட்டினார்கள் என்பதை நீங்கள் அறிவீர்கள். அப்பா கேட்ட கேள்வியைத்தான் அவர்கள் நீட்டி முழக்கினார்கள். அதற்குப் பிறகு, பெட்டரி சார்ஜ் பண்ணக் காசு கேட்டால் அவர் முணுமுணுப்பதில்லை.

மகனுக்குக் காட்டுவதற்கு இவை எதுவும் வேண்டாம். இரத்தமும் வஞ்சமும் இன்னும் சில வருடம் காத்திருக்கட்டும். 1987 மார்ச் 29ஆம் திகதி ரெஸ்ல்மேனியா 3இல் ஹல்க் ஹோகன் அண்ட்ரே த ஜயண்டைத் தூக்கிப் போட்டதைக் காட்டுங்கள். 93,173 பேர் பார்த்ததாக அறிவிக்கப்பட்ட போட்டி. அந்த எண்ணிக்கையை ஏற்காத ஆய்வாளர்கள் உண்டு. அண்ட்ரே அதற்கு முந்திய ஆண்டு முதுகில் சத்திரசிகிச்சை செய்துகொண்டவர்; கறுப்பு உடைக்கு அடியில் முதுகைத் தாங்கும் பட்டி கட்டியிருந்தார். அவ்வளவு பெரிய உடம்பை, அவர் இணங்காமல் எவராலும் தூக்கியிருக்க முடியாது. முதலில் இதைச் சொல்லாமல் காட்டுங்கள், பிறகு சொல்லிவிட்டு இன்னொருமுறை காட்டுங்கள். மொத்தம் 12 நிமிடங்கள்தான். முதற்பாதி மிகவும் மெதுவாகப் போகும். பையன் எழுந்து போகாமல் இருக்க வறுத்த கடலை ஏதாவது பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
அண்ணன்