எனக்கு ஆண் சக்தி குறைவா?

கேள்வி: வயது 31. வீட்டில் சமையல் என் பொறுப்பு. சினிமா பார்த்தால்கூடக் கண் கலங்கிவிடும். போன மாதம் ஒரு தந்திரப் பயிற்சி வகுப்புக்குப் போனேன். "ஆண் சக்தி என்றால் செயல், பெண் சக்தி என்றால் அமைதி. உங்களிடம் ஆண் சக்தி குறைவு, இரண்டாம் நிலை வகுப்பில் சரிசெய்யலாம்" என்றார்கள். தந்திர மரபு சொல்வது இதுதானா?
- ஒரு வாசகர், ஈரோடு

பதில்: தம்பி, முதல் வாக்கியத்தையே அவர்கள் தலைகீழாகப் பிடித்திருக்கிறார்கள். சக்தியை முதல் தெய்வமாக வணங்கும் தந்திர வழியான சாக்த மரபில் அசைவதும் ஆக்குவதும் சக்தி. சிவன் சும்மா இருப்பவன். சக்தியோடு சேராவிட்டால் சிவனால் அசையக்கூட முடியாது என்றுதான் அம்பாளைப் பாடும் சௌந்தர்ய லஹரியே தொடங்குகிறது. வங்காளத்துக் காளி படத்தைப் பாருங்கள்: நிற்பவள் அவள், கீழே கிடப்பவர் அவர்.

என் அத்தை தினமும் செப்புத் தகட்டு ஸ்ரீசக்கரத்துக்குக் குங்குமம் இடுவார். பதின்மூன்று வயதில் அதை ஸ்கேல் வைத்து நோட்டில் வரையப் போய் ஒரு ரப்பரையே தேய்த்துத் தீர்த்தேன். வழக்கமான முறையில் மேல்நோக்கிய முக்கோணம் 4, சிவனுடையவை. கீழ்நோக்கியவை 5, சக்தியுடையவை. ஒன்பதும் ஒன்றையொன்று வெட்டி 43 சின்ன முக்கோணங்கள் ஆகும். ஒரு கோடு மயிரிழை விலகினாலும் எல்லாம் பிசகிவிடும். "இந்த 43-ல எது சிவன், எது சக்தி?" என்று கேட்டேன். "நீதானே வரைஞ்சே, நீயே காட்டு" என்றார். எங்கே காட்டுவது? நடு முக்கோணத்தை விட்டால், மற்றவற்றில் இருவர் கோடும் கலந்து கிடந்தன.

சரி, இதுவே முடிந்த முடிவு என்று நினைத்திருந்தேன். அப்புறம் ஒருமுறை கர்நாடகத்துப் பைலகுப்பேயில் திபெத்திய பௌத்த மடத்துக்குப் போனேன். பூசையில் வலக்கையில் வஜ்ரம் என்ற சின்னக் கைக்கருவி, இடக்கையில் மணி. வஜ்ரம் உபாயம், அதாவது செயல்வழி, அது ஆண். மணி பிரக்ஞை, அதாவது மெய்யறிவு, அது பெண். ஆக, அங்கே செயல் ஆண் பக்கம் போய்விட்டது! ஆனால் பூசை செய்பவர் பிக்குவானாலும் பிக்குணியானாலும் இரண்டையும் அவரேதான் பிடிக்க வேண்டும். மரபு மாறினால் பெயரே இடம் மாறுகிறது. அதை வைத்து உங்கள் சமையலையும் கண்ணீரையும் எப்படி அளப்பது?

இடகலை, பிங்கலை என்ற இரண்டு மூச்சு நாடிகளின் கதையும் இதேதான். இடகலை பெண், பிங்கலை ஆண் என்பார்கள். சந்திரன், சூரியன் என்ற அந்த இரண்டும் எல்லா உடம்பிலும் உண்டு. மூக்கடியில் விரலை வைத்துப் பாருங்கள், இப்போது ஒரு பக்கம் கூடுதலாக ஓடும், கொஞ்ச நேரம் கழித்து மறுபக்கம். அதற்காக நாம் ஆணும் பெண்ணுமாக மாறி மாறி ஆகிறோமா?

அதற்காகத் தந்திரம் பெண்ணைத் தலையில் வைத்துக் கொண்டாடியது என்று கதைவிட மாட்டேன். பல நூல்கள் ஆண் சாதகனிடம்தான் பேசுகின்றன. பெண் அதில் அவனுக்குத் துணை, அவ்வளவுதான்.

திருச்செங்கோடு உங்களுக்குப் பக்கம்தானே, ஒருநாள் மலையேறுங்கள். அர்த்தநாரீசுவரருக்கு ஒரு பாதி வேட்டி, மறுபாதி சேலை கட்டியிருப்பார்கள். இரண்டாம் நிலைக்கு முன்பணம் கட்டியிருந்தால், முதலில் அதைத் திருப்பிக் கேளுங்கள். ரசீது பத்திரம்.