பொது நிர்வாகம் படித்தால் என்ன வேலை? ஓர் அப்பாவின் கேள்விக்குப் பதில்

வணக்கம் ஐயா,

உங்கள் கடிதத்தில் கேள்விகள் நிறைய, கவலை ஒன்றுதான். மகள் பொது நிர்வாகமும் உள்ளாட்சி மேலாண்மையும் படிக்கப் போகிறேன் என்கிறாள். அது குடிமைப் பணித் தேர்வு எழுதுகிறவர்களுக்கான படிப்புத்தானே, தேறாவிட்டால் அந்தப் பட்டத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வாள் என்று கேட்டிருக்கிறீர்கள்.

நேராகவே சொல்லிவிடுகிறேன். தேர்வுக்குத் துணைப்பாடமாக மட்டும் நினைத்து எடுப்பதென்றால் வேண்டாம். வரலாறு படித்துவிட்டும், பொறியியல் படித்துவிட்டும் அந்தத் தேர்வை எழுதலாம். ஒரு தெருவுக்குக் குடிநீர் வருகிறது, அடுத்த தெருவுக்கு ஏன் வரவில்லை என்று குடைந்து கேட்கும் புத்தி அவளுக்கு இருந்தால், தாராளமாகப் படிக்கட்டும். ஆனால் வெறும் பட்டம் போதாது. கணக்கு, தரவு, சட்டம் இந்த மூன்றில் ஒன்றையாவது கைத்தொழில்போலப் பழகிக்கொள்ள வேண்டும். மற்றதெல்லாம் இதற்கு விளக்கம்தான்.

முதலில் அந்தத் தேர்வு பற்றி. போட்டித் தேர்வு வைத்து ஆள் எடுப்பதே ஒரு காலத்தில் பெரிய சீர்திருத்தம். பிரிட்டனில் அரசு வேலை சிபாரிசில் கிடைத்துக்கொண்டிருந்தது. வேறு எங்கும் தேறாத பிள்ளைகள் அங்கே போய் ஒதுங்கினார்கள். இப்படிப் போனால் உருப்படாது என்று நார்த்கோட், ட்ரெவெல்யன் என்று அரசு நியமித்த இருவர் 1854-இல் அறிக்கை கொடுத்தார்கள். அது சொன்ன வழி பரவலாக நடைமுறைக்கு வர 1870 ஆனது. சிபாரிசை ஒழிக்க வந்த ஏற்பாடு அது. உள்ளே வந்தவர் என்ன செய்ய வேண்டும், எப்படிச் செய்ய வேண்டும் என்பதை அந்தத் தேர்வு சொல்லித் தராது. உங்கள் மகள் படிக்க நினைப்பது அந்த இரண்டாவது விஷயத்தை. பெற்றோர் பலருக்கு நிர்வாகம் என்றதும் நாற்காலிதான் கண்ணில் தெரிகிறது. இந்தப் படிப்போ நாற்காலிக்கு எதிரே மனுவோடு நிற்பவரிடமிருந்து தொடங்குகிறது.

என்ன வேலை என்று புரிய, ஒரு கட்டட அனுமதி மனுவின் பின்னாலேயே போய்ப் பாருங்கள். கவுண்டரில் வாங்கி முத்திரை குத்துகிறார்கள். பதிவேட்டில் ஏறுகிறது. எழுத்தர் ஆவணங்களைச் சரிபார்க்கிறார். கள ஆய்வாளர் இடத்தைப் பார்த்துவிட்டு வந்து குறிப்பு எழுதுகிறார். அப்புறம் மேலாளர் மேசை, அதற்கும் மேல் ஒரு மேசை, பிறகு கையெழுத்து. ஒவ்வொரு மேசைக்கும் ஃபைல் வந்த தேதியையும் போன தேதியையும் ஒரு தாளில் எழுதிப் பார்த்தால், அதன்மேல் யாராவது உண்மையில் வேலை செய்த நேரம் சில மணிதான் இருக்கும். கிடந்த நேரம் வாரக்கணக்கில். சரி, எங்கே கிடந்தது? சோம்பேறி ஒருவரின் மேசையில் என்றுதான் எல்லோரும் நினைப்போம். பார்த்தால் கள ஆய்வாளர் ஒரே ஒருவர், அவர் போய்வர வண்டி வாரத்தில் இரண்டு நாள்தான் கிடைக்கிறது. அல்லது மனுதாரர் ஒரு நகலை வைக்கவில்லை என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். அந்த நகல் வேண்டும் என்று படிவத்தில் எங்குமே எழுதியிருக்காது. படிவத்தில் ஒரு வரி சேர்த்தால் திருப்பி அனுப்புவது வெகுவாகக் குறையும். இதைக் கண்டுபிடிப்பவருக்குத்தான் இந்தத் துறையில் சம்பளம். பெரிய திட்டம், பெரிய அறிவிப்பு எல்லாம் அப்புறம்தான்.

எல்லாவற்றையும் கணினிமயமாக்கினால் சரியாகிவிடாதா என்று கேட்பீர்கள். எஸ்டோனியா 2001-இல் அரசுத் துறைகளின் தரவுத்தளங்களை ஒன்றோடொன்று பேசவைக்கும் எக்ஸ்-ரோடு என்ற அமைப்பைத் தொடங்கியது. அரசிடம் ஏற்கெனவே இருக்கும் விவரத்தைக் குடிமக்களிடம் மறுபடி கேட்காதே என்பது அங்கே கொள்கை. அது வெற்றி பெற்றதற்குக் கணினி மட்டும் காரணமில்லை. எந்தத் துறை எந்த விவரத்துக்குப் பொறுப்பு, யார் அதைப் பார்க்கலாம் என்பதையெல்லாம் சட்டத்தில் தெளிவாக வைத்தார்கள். குழம்பிக் கிடக்கும் நடைமுறையை அப்படியே கணினியில் ஏற்றினால், முன்பு எழுத்தரிடம் கெஞ்சியவர் இப்போது திரையோடு மல்லுக்கட்டுவார்.

இந்தத் துறையில் கணக்கு எவ்வளவு முக்கியம் என்பதற்கு இங்கிலாந்தின் பர்மிங்காம் நகர சபை ஒன்றே போதும். ஐரோப்பாவின் மிகப் பெரிய உள்ளாட்சிகளில் ஒன்று அது. 2023 செப்டம்பரில், சட்டப்படி செய்தே ஆக வேண்டியவை தவிர புதிய செலவு எதுவும் செய்ய முடியாது என்று அறிவித்தது. பேச்சுவழக்கில் சொன்னால் திவால். முக்கியக் காரணங்கள் இரண்டு. துப்புரவு, சமையல், பராமரிப்பு போன்ற வேலைகளில் பெண்கள் அதிகம். ஆண்கள் அதிகமாக இருந்த வேலைகளுக்குக் கொடுத்த ஊக்கத்தொகையை இவர்களுக்குக் கொடுக்கவில்லை. வழக்கு வந்தது, பாக்கி மலையாகக் குவிந்தது. இன்னொன்று, கணக்குக்கும் பணியாளர் நிர்வாகத்துக்கும் வாங்கிய புதிய மென்பொருள். செலவு போட்ட மதிப்பீட்டைப்போலப் பல மடங்கானது. வந்த பிறகு தங்கள் கணக்கையே சரியாகப் பார்க்க முடியாத நிலை. கவனித்தீர்களா, இதில் ஊழல் கதை ஒன்றும் தேவைப்படவில்லை. ஊதிய அமைப்பு, மென்பொருள் கொள்முதல் என்று சலிப்பூட்டும் இரண்டு விஷயங்கள் ஒரு மாநகரத்தைச் சாய்த்துவிட்டன. அந்தச் சலிப்பூட்டும் இரண்டிலும் தேர்ந்தவர்கள் எங்கேயும் குறைவு. உங்கள் மகளுக்கு வாய்ப்பு அங்கேதான் இருக்கிறது.

சீர்திருத்தம் என்ற சொல்லுக்கு மயங்கிவிடக் கூடாது என்பதையும் அவள் சீக்கிரமே தெரிந்துகொள்வது நல்லது. 1980-களிலிருந்து அரசை நிறுவனம்போல நடத்த வேண்டும் என்ற அலை பல நாடுகளில் அடித்தது. நியூசிலாந்து 1988-இல் சட்டம் கொண்டுவந்து, துறைத் தலைவர்களைக் காலவரையறை ஒப்பந்தத்தில் வைத்தது. செய்து காட்டு, இல்லையேல் போ. பிரிட்டனில் குப்பை அள்ளுவது முதல் பள்ளிச் சமையல் வரை உள்ளாட்சிப் பணிகளை 1988-க்குப் பிறகு கட்டாயமாக டெண்டர் விட வேண்டியிருந்தது. பத்து ஆண்டு சொச்சத்தில் அந்தக் கட்டாயத்தை அவர்களே எடுத்துவிட்டார்கள். இலக்கு வைத்து அளப்பதும் இதே கதைதான். இங்கிலாந்து அரசு மருத்துவமனைகளில் அவசரப் பிரிவுக்கு வருகிறவரை நான்கு மணி நேரத்துக்குள் பார்த்து முடிக்க வேண்டும் என்று இலக்கு வைத்தார்கள். காத்திருப்பு குறைந்தது, மறுக்க முடியாது. ஆனால் தரவை வரைந்து பார்த்தபோது, நான்கு மணி முடியச் சில நிமிடம் இருக்கையில் நோயாளிகள் கொத்தாக வெளியே போயிருந்தார்கள். கடிகாரத்துக்காக நடந்த வேலை அது. இந்தக் கூர்முனையை வரைபடத்தில் பார்த்ததும் 'ஏன்?' என்று கேட்கத் தெரிந்த பட்டதாரியை எந்தத் தணிக்கை அலுவலகமும் விடாது.

இன்னொரு தீராத வழக்கு, உள்ளாட்சி எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்பது. டென்மார்க் 2007-இல் சுமார் 270 நகராட்சிகளை 98 ஆக்கியது. சிறியவற்றால் நவீன சேவைகளைத் தாங்க முடியாது என்பது வாதம். அரசியல் அறிவியலாளர் எலினோர் ஆஸ்ட்ரம் 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் இண்டியானாபோலிஸ் பகுதியில் காவல் துறைகளை ஆராய்ந்தபோது வேறு விதமாகத் தெரிந்தது. சிறிய, தனித்த காவல் துறை இருந்த குடியிருப்புகளில், பெரிய நகரக் காவல் துறையின் கீழ் இருந்த அதே மாதிரிக் குடியிருப்புகளைவிட மக்கள் அதிகத் திருப்தியோடு இருந்தார்கள். ஆஸ்ட்ரத்துக்கு 2009-இல் பொருளியல் நோபல் கிடைத்தது. என் கருத்தைக் கேட்டால், குடிநீர்க் குழாயும் ரோந்துப் பணியும் ஒரே அளவில் நடத்த வேண்டியவை அல்ல. எதை எந்த மட்டத்தில் வைப்பது என்று சேவைக்குச் சேவை பார்ப்பதுதான் புத்திசாலித்தனம். உங்கள் மகள் வேறு முடிவுக்கு வரலாம். வரட்டும்.

வேலை தருகிறவர்கள் யார்? நகராட்சிகள், மாநகராட்சிகள், அவற்றின் நீர், போக்குவரத்து, சுகாதார அமைப்புகள். தணிக்கை அலுவலகங்கள். சட்டமன்ற, நாடாளுமன்ற ஆய்வுப் பிரிவுகள். அரசுகளுக்கு ஆலோசனை சொல்லும் நிறுவனங்கள், வளர்ச்சி வங்கிகள், பட்ஜெட்டைக் கண்காணிக்கும் தொண்டு அமைப்புகள். அரசு வேலையை டெண்டரில் எடுக்கும் தனியார் நிறுவனங்களையும் மறந்துவிடக் கூடாது. அரசு எப்படி யோசிக்கிறது என்று தெரிந்தவர் அவர்களுக்குத் தேவை. உள்ளாட்சித் தலைமை நிர்வாகியாவதே தனித் தொழிலாக இருக்கும் நாடுகளும் உண்டு. அமெரிக்காவில் வர்ஜீனியாவின் ஸ்டான்டன் நகரம் 1908-இல் முதன்முதலாக அப்படி ஒருவரை நியமித்தது. மேயர் அரசியல் பார்ப்பார், இவர் நகரை நடத்துவார். வேறு நாடுகளில் அந்த இடத்துக்கு மேல்மட்ட அரசிலிருந்து ஆள் வருவார். அதனால் அவள் எந்த நாட்டில் வேலை பார்க்க நினைக்கிறாளோ, அங்கே உள்ளாட்சியிடம் பணமும் ஆளெடுக்கும் உரிமையும் எவ்வளவு இருக்கின்றன என்று முதலில் விசாரியுங்கள். சட்டப் புத்தகத்தை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. இந்தியாவில் 1992-இல் நிறைவேறிய 74-ஆவது அரசியலமைப்புத் திருத்தம் நகர்ப்புற உள்ளாட்சிகளுக்குக் கொடுக்கத்தக்க 18 பணிகளைப் பட்டியலிட்டது. கொடுப்பதா வேண்டாமா என்ற முடிவை மாநிலங்களிடம் விட்டது. பட்டியலில் இருப்பதும் கைக்கு வந்ததும் ஒன்றில்லை.

பாதுகாப்பான வேலையா என்று அடிக்கோடிட்டுக் கேட்டிருந்தீர்கள். முன்புபோல் இல்லை. திட்ட அடிப்படையில் ஒப்பந்த வேலைகள் நிறைய. ஆட்சி மாறினால் திட்டம் நின்றுபோகும். பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே 1989-இல் நகர பட்ஜெட்டின் ஒரு பகுதியை மக்களே கூடி முடிவு செய்யும் முறையைத் தொடங்கி உலகப் புகழ் பெற்றது. எத்தனையோ நகரங்கள் பார்த்துச் செய்தன. பிறந்த ஊரிலேயே ஆட்சி மாறி அது தேய்ந்துபோனது. தான் பல வருடம் பார்த்த வேலையை அடுத்து வருகிறவர் ஒரே கையெழுத்தில் நிறுத்துவதைத் தாங்கும் மனசு வேண்டும். அதோடு, நல்லது செய்தால் பெயர் தேர்ந்தெடுக்கப்பட்டவருக்குப் போகும். இது உறுத்துகிற சுபாவம் என்றால் வேறு துறை பார்ப்பதே மேல். கை நீட்டச் சொல்லும் நெருக்கடியும் சில இடங்களில் வரும். கணக்கும் சட்டமும் தெரிந்தவர் 'விதி இடம் தரவில்லை' என்று எழுத்தில் வைத்துத் தப்பலாம், தெரியாதவருக்கு அந்தக் கேடயம் கிடையாது.

கல்லூரி தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தைப் பார்க்காதீர்கள், பாடத்திட்டத்தை வாங்கிப் பாருங்கள். பொது நிதி, புள்ளியியல், நிர்வாகச் சட்டம், கொள்முதல் இவை இருக்கின்றனவா? ஏதாவது ஓர் உள்ளாட்சியிலோ தணிக்கை அலுவலகத்திலோ சில மாதமாவது பயிற்சி உண்டா? நிர்வாகத்தில் இருந்தவர் ஒருவராவது பாடம் நடத்துகிறாரா? கோட்பாடுகளின் வரலாறு மட்டும்தான் இருக்கிறது என்றால் யோசியுங்கள்.

விண்ணப்பிக்கும் முன் அவளை ஒரு வேலை செய்யச் சொல்லுங்கள். எந்த நகராட்சியின் பட்ஜெட் ஆவணமாக இருந்தாலும் சரி, இணையத்தில் இருந்தால் எடுக்கட்டும். பெரும்பாலும் மூன்று எண்கள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும்: போட்ட மதிப்பீடு, இடையில் திருத்திய மதிப்பீடு, கடைசியில் உண்மையில் நடந்த கணக்கு. சொத்து வரி வரிசையில் மூன்றையும் பார்க்கட்டும். வருடா வருடம் மதிப்பீடு பெரிதாகவும் வசூல் சிறிதாகவும் இருந்தால், யார் எதற்காக அப்படிப் பெரிதாகப் போட்டார்கள்? வரவு குறைந்தபோது எந்தச் செலவை வெட்டினார்கள்? சம்பளம், ஓய்வூதியம், வட்டியில் கை வைக்க முடியாது. வடிகால் தூர்வாருவதிலும் சாலைப் பராமரிப்பிலும்தான் கத்தரி விழும். இதைத் தேடிப் போகும்போது அவளுக்கு நேரம் போவது தெரியாவிட்டால் தயங்காமல் சேருங்கள். இரண்டாம் பக்கத்திலேயே கொட்டாவி வந்தால், அதையும் அவள் உங்களிடம் தயங்காமல் சொல்லட்டும், திட்டாதீர்கள்.

கடைசியாக, 'முதலில் பொறியியல், பிறகு இது' என்ற உங்கள் யோசனை. பொறியியலில் அவளுக்கு உண்மையான ஆர்வம் இருந்தால் அருமையான சேர்க்கை. நீர், கழிவு, போக்குவரத்து தெரிந்த நிர்வாகிக்கு எங்கும் மதிப்புண்டு. பொது நிர்வாக முதுகலைக்கு எந்த இளங்கலைப் பட்டம் இருந்தாலும் பல பல்கலைக்கழகங்கள் எடுத்துக்கொள்கின்றன. இடையில் ஓரிரு வருடம் வேலை பார்த்துவிட்டு வந்தால் வகுப்பில் சொல்வது இன்னும் நன்றாக ஏறும். அவளுக்குப் பிடிக்காத பொறியியலை நான்கு வருடம் காப்பீடாகப் படிக்கவைப்பதுதான் திட்டம் என்றால், அதற்குப் பதில் பொருளியலோ வணிகவியலோ எடுத்து, விருப்பப் பாடமாகப் புள்ளியியலைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். பட்ஜெட் ஆவணத்தைப் பார்த்த பிறகு அவளையே எனக்கு எழுதச் சொல்லுங்கள். எந்த நாட்டுப் படிப்பு, எந்த விருப்பப் பாடம் என்பதை அவளிடமே பேசிக்கொள்கிறேன்.