டப்பா கிலுகிலுக்கிறது, அத்தைக்குக் கேட்டுவிடுமோ?

கேள்வி: கர்ப்பத்தில் எடுத்த சோதனையில் எனக்கு ஹெச்.ஐ.வி. என்று தெரிந்தது. பிள்ளை பிறந்து 30 நாள். தாய்ப்பால்தான் கொடுக்கிறேன். எங்களுடையது பீடி சுற்றும் வீடு, எந்நேரமும் நாலு பேர் இருப்பார்கள். மாத்திரை டப்பா சத்தம் கேட்குமே என்று போன வாரம் மூன்று நாள் போடவில்லை. மாமியார் உரை மருந்து கொடுக்கச் சொல்கிறார். வீட்டுக்காரருக்கு மட்டும் விஷயம் தெரியும். 45-ம் நாள் பிள்ளைக்கு ரத்தம் எடுக்கணும். ஹைகிரவுண்ட் பெரியாஸ்பத்திரியில் ஊர்க்காரர் பார்த்துவிட்டால்?
- பெயர் வேண்டாம், முக்கூடல் பக்கம்

பதில்: தங்கச்சி, மாத்திரையை இன்றைக்கே தொடருங்கள். மூன்று நாள் விட்டதை மாத்திரை தரும் மையத்தில் சொல்லிவிடுங்கள். திட்டுவார்கள் என்று மறைக்க வேண்டாம். பிள்ளைக்குத் தொற்றாமல் இருக்கக் கொடுக்கும் சொட்டு மருந்தை எத்தனை வாரம் நீட்டுவது என்பதை அதை வைத்துத்தான் முடிவு செய்வார்கள். மருந்தே இல்லாவிட்டால் 100 பிள்ளைகளில் 15 முதல் 45 வரை தொற்றும். ஒழுங்காகச் சாப்பிட்டால் 5-க்கும் கீழே.

சத்தத்துக்கு வழி இருக்கிறது. ஹெச்.ஐ.வி. சோதனையும் ஆலோசனையும் தரும் நம்பிக்கை மையத்தில் 11 வருஷம் ஆலோசகராக இருந்தேன். ஆலங்குளம் பக்கத்துப் பெண் ஒருத்தி டப்பாவுக்குள் பஞ்சைத் திணித்து, மூடியை இறுக்கி, அரிசிப் பானையில் புதைத்து வைப்பாள். ஒரு நாள்கூட விட்டதில்லை.

உரை மருந்து வேண்டவே வேண்டாம். அத்தை மேல் தப்பில்லை, அவர் வளர்த்த விதம் அது. ஆனால் தாய்ப்பாலோடு வசம்பு, சர்க்கரைத் தண்ணீர் என்று கலந்தால் குடல் புண்ணாகி கிருமி நுழைய வழியாகும். "ஆறு மாசம் தண்ணிகூடக் கூடாதுன்னு நர்ஸம்மா சொல்லிட்டாங்க" என்று சொல்லுங்கள். எல்லாத் தாய்மாருக்கும் சொல்வதுதானே, பொய்யுமில்லை.

ரத்தம் எடுப்பதும் ஒன்றரை மாசத் தடுப்பூசியும் ஒரே சமயத்தில் வரும். ஊசிக்குப் போவதாகச் சொல்லிக் கிளம்புங்கள். குதிகாலில் குத்தி, அட்டையில் சில சொட்டு எடுப்பார்கள், அவ்வளவுதான்.

போகாமல் இருந்துவிடாதீர்கள். ஓர் ஆஸ்பத்திரியில் ஒரு தாயின் கட்டிலில் ஹெச்.ஐ.வி. என்று காட்ட சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டினார்கள். அவள் எட்டு மாசம் பிள்ளையை எங்கும் காட்டவில்லை. என்னிடம் வந்தபோது பிள்ளை வாயெல்லாம் வெள்ளைப் புண். உங்கள் சம்மதமில்லாமல் இதை வெளியில் சொல்லக் கூடாது என்று 2017 ஹெச்.ஐ.வி. சட்டம் சொல்கிறது. ஏதாவது என்றால் ஹெச்.ஐ.வி. உதவி எண் 1097-க்குப் பேசுங்கள், இலவசம்.

அப்புறம், டப்பாவை வீட்டுக்காரர் பொறுப்பில் விட்டால் என்ன? அவருக்குச் சோதனை எடுத்தாயிற்றா? அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே.