பில் நிற்கிறது, பாண்டு மிரட்டுகிறது, வீடு பாதியில் கிடக்கிறது: வழக்கறிஞர் பதில்கள்

கோவையிலிருந்து ஒரு சிவில் கான்ட்ராக்டர்: மில் ஒன்றுக்கு குடோன் கட்டிக் கொடுத்தேன். ஃபைனல் பில்லில் 18 லட்சம் நிற்கிறது. “அடுத்த மாசம், அடுத்த மாசம்” என்றே இரண்டரை வருடம் ஓடிவிட்டது. போலீஸில் மோசடிப் புகார் கொடுத்தால் பணம் வருமா?

வராது. வேலையை முடித்து, பாதிப் பணமும் வாங்கிய பிறகு மோசடி என்று சொன்னால் ஸ்டேஷனிலேயே “சிவில் மேட்டர்” என்று திருப்பி அனுப்புவார்கள். சிவில் பாக்கியை வசூலிக்கக் கிரிமினல் புகாரைக் கையில் எடுக்காதீர்கள் என்று உச்ச நீதிமன்றமும் பலமுறை கண்டித்திருக்கிறது.

உங்கள் கடிதத்தில் என்னைப் பதற வைத்தது அந்த இரண்டரை வருடம். பணம் தரும் நாளை ஒப்பந்தத்தில் குறிக்கவில்லை என்றால், செய்த வேலைக்கான கூலியைக் கேட்டு வழக்குப் போட வேலை முடிந்த நாளிலிருந்து 3 வருடம்தான் காலவரம்பு. நீங்கள் எத்தனை நினைவூட்டல் கடிதம் அனுப்பினாலும் அது ஒரு நாள்கூட நீளாது. பாக்கி இருப்பதை ஒப்புக்கொண்டு எதிர்த்தரப்பு அந்த 3 வருடத்துக்குள் கையெழுத்திட்டு எழுதிக் கொடுத்தால் மட்டுமே புதிய 3 வருடம் பிறக்கும். பகுதிப் பணம் கொடுத்தாலும் அதற்கு அவர்கள் எழுத்திலோ கையெழுத்திலோ பதிவு இருக்க வேண்டும். எனவே மில் கணக்காளரிடம் இந்த வாரமே போய், பாக்கித் தொகையை உறுதிசெய்யும் கடிதத்தில் நிர்வாகத்தின் கையெழுத்தைக் கேளுங்கள்.

அடுத்து ஒர்க் ஆர்டரை எடுத்து, ஆர்பிட்ரேஷன் ஷரத்து (தகராறை நீதிமன்றத்துக்கு வெளியே நடுவர் தீர்ப்பார் என்ற நிபந்தனை) இருக்கிறதா என்று பாருங்கள். இல்லை என்றால் 3 லட்சத்துக்கு மேற்பட்ட கட்டுமான ஒப்பந்தத் தகராறு வணிக நீதிமன்றத்துக்குத்தான் போகும். ஆனால் நேரே போக முடியாது. அவசர இடைக்கால நிவாரணம் கேட்காத வழக்கில், முதலில் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் சமரசப் பேச்சுக்கு மனுப் போட்டே ஆக வேண்டும். இல்லாவிட்டால் வழக்கை வாசலிலேயே நிராகரிப்பார்கள் என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் முடிவாகச் சொல்லிவிட்டது. சமரசத்தில் கழியும் காலம் காலவரம்பில் சேராது. அங்கே கையெழுத்தாகும் உடன்பாட்டுக்கு ஆர்பிட்ரேஷன் தீர்ப்பின் பலம் உண்டு. அதைச் சடங்காக நினைத்து ஒதுக்காதீர்கள்.

வாட்ஸ்அப்பில் “எக்ஸ்ட்ரா பூச்சு போட்டுடுங்க” என்று மில் மேனேஜர் சொன்னது சாட்சியம்தான். ஆனால் 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாட்சிய அதிநியம் (புதிய சாட்சியச் சட்டம்) 63-வது பிரிவின்படி, அந்தப் பதிவு எந்தக் கருவியிலிருந்து எப்படி எடுக்கப்பட்டது என்ற சான்றிதழும் சேர்க்க வேண்டும். அந்த போனை விற்றுவிடாதீர்கள். அதைவிடப் பலமானது, செய்த வேலையை அளந்து எழுதி, இரு தரப்பும் கையெழுத்திட்ட அளவுப் புத்தகம். கூடுதல் வேலைக்கான பணம் பெரும்பாலும் போவது அது இல்லாமல்தான்.

சென்னையிலிருந்து ஒரு ஐ.டி. ஊழியர்: சேர்ந்து 8 மாதத்தில் விலகினேன். குறித்த காலத்துக்கு முன் விலகினால் பணம் கட்டுவேன் என்று எழுதிக் கொடுத்த பாண்டைக் காட்டி, 2 லட்சம் கட்டச் சொல்கிறார்கள். ஒரிஜினல் சான்றிதழ்களும் அவர்களிடம்தான் இருக்கின்றன. போட்டி நிறுவனத்தில் 2 வருடம் சேரக் கூடாதாம்.

மூன்றும் தனித்தனி விஷயம். வேலையை விட்டபின் போட்டி நிறுவனத்தில் சேரத் தடை என்பது 1872-ம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27-வது பிரிவுப்படி செல்லாது. பயமில்லாமல் சேருங்கள்; பழைய நிறுவனத்தின் கோடு, கிளையன்ட் பட்டியல் எதையும் கொண்டுபோகாதீர்கள். சான்றிதழ்களைப் பிடித்து வைப்பது அநியாயம். 7 நாள் கெடு வைத்து, பதிவுத் தபாலில் திருப்பிக் கேளுங்கள்.

பாண்டு மட்டும் அவ்வளவு எளிதல்ல. 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில் 3 வருடப் பணி, மீறினால் 2 லட்சம் என்ற ஷரத்தை உச்ச நீதிமன்றம் ஏற்றது. அது பொதுத்துறை வங்கி. ஆள் விலகினால் மறுபடி விளம்பரம், தேர்வு என்று செலவழிக்க வேண்டும் என்பதைத் தீர்ப்பு கணக்கில் எடுத்தது. தனியார் நிறுவனம் கேட்டால், உங்கள் பயிற்சிக்கு என்ன செலவானது என்று ஆவணம் கேளுங்கள். அதே ஒப்பந்தச் சட்டத்தின் 74-வது பிரிவு தருவது நியாயமான இழப்பீடு மட்டுமே; எழுதிய தொகை அதன் உச்சவரம்பு.

திருச்சியிலிருந்து ஒரு வாசகி: வீடு லிண்டல் மட்டத்தில் நிற்க, மேஸ்திரி முன்பணத்தோடு போய்விட்டார். புது ஆளை வைத்து உடனே தொடங்கலாமா?

ஒரு வாரம் பொறுங்கள், அம்மா. புது ஆள் கை வைத்துவிட்டால் பழையவர் எதுவரை கட்டினார் என்பதை நிரூபிக்க முடியாது. பழையவருக்கு நாள் குறித்துத் தபால் அனுப்பிவிட்டு, பதிவுபெற்ற பொறியாளரை வைத்து அளந்து, படத்தோடு அறிக்கை வாங்குங்கள். வீடு கட்டிக் கொடுப்பதும் சேவைதான் என்று நுகர்வோர் சட்டம் வெளிப்படையாகச் சொல்கிறது. கொடுத்த தொகை 50 லட்சத்துக்குள் என்றால் மாவட்டக் குறைதீர் ஆணையம்; 5 லட்சம் வரை கட்டணமே இல்லை. 2 வருடத்துக்குள் போட வேண்டும்.

நெல்லையிலிருந்து ஓர் இளம் வழக்கறிஞர்: வணிகம், தொழிலாளர், கட்டுமானம் மூன்றிலும் பெயர் எடுத்த சீனியர் ஒருவரிடம் சேர வாய்ப்பு. ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்வது நல்லது இல்லையா?

சேருங்கள், தயங்காதீர்கள். மூன்றும் ஒரே சைட்டில் சந்திப்பவை. வேலை தாமதமானால் கான்ட்ராக்டருக்குப் பில் நிற்கிறது. பில் நின்றால் ஆட்களுக்குக் கூலி நிற்கிறது. ஒப்பந்தக்காரர் கூலி தராவிட்டால் முதன்மை வேலையளிப்பவர், அதாவது அவருக்கு வேலையைக் கொடுத்தவர், தலையில் அது விழுகிறது. ஒரே கேஸ் கட்டில் மூன்று சட்டமும் இருக்கும்.

முதல் சில வருடங்கள் வாதத்தைவிட வாசிப்புத்தான். பி.ஓ.க்யூ.வில் (வேலைகளின் அளவும் ரேட்டும் உள்ள பட்டியல்) ஓர் ஐட்டத்தின் ரேட் எப்படி வந்தது, கால நீட்டிப்புக் கடிதம் எந்தத் தேதியில் போனது, அதற்குப் பதில் வந்ததா என்று பாருங்கள். சைட் எஞ்சினியரைக் குறுக்கு விசாரணை செய்ய இதுதான் கைமுதல். தாமதத்தால் தலைமை அலுவலகச் செலவில் வந்த இழப்பைக் கணக்கிடும் ஹட்சன் ஃபார்முலாவைப் போட்டுப் பழகுங்கள்; 2006-ல் மெக்டெர்மாட் வழக்கில் உச்ச நீதிமன்றம் இத்தகைய சூத்திரங்களை ஏற்றிருக்கிறது. தொழிலாளர் பக்கம் 2025 நவம்பர் 21 முதல் நான்கு சட்டத் தொகுப்புகள் நடைமுறையில் உள்ளன. சீனியர்களும் புதிதாகப் படிக்கும் காலம் இது, உங்களுக்கு நல்ல நேரம்.

சம்பளம் கேட்கக் கூச்சப்படாதீர்கள். ஜூனியருக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000, மற்ற ஊர்களில் 15,000 ரூபாய் குறைந்தபட்ச உதவித்தொகை என்று 2024-ல் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஜூனியரைப் பட்டினி போடும் வழக்கம் நம் தொழிலுக்கு அவமானம் என்பது என் உறுதியான கருத்து.

ஈரோட்டிலிருந்து ஒரு வாசகர்: “ஜெயித்தால் 20 சதவீதம் போதும், இப்போது பீஸ் வேண்டாம்” என்கிறார் ஒரு வழக்கறிஞர். நம்பலாமா?

வேண்டாம். வெற்றியைப் பொறுத்துப் பீஸ் பேசுவது பார் கவுன்சில் விதிப்படி தடை. முதல் சந்திப்பில் உங்கள் வழக்கின் காலவரம்புத் தேதியைக் கேட்டுக் குறிப்பவரைத் தேடுங்கள். வழக்கு நாளில் யார் ஆஜராவார், அவரா ஜூனியரா என்றும் கேளுங்கள். கோபப்படாமல் பதில் சொல்வார்.

ஓசூரிலிருந்து: ஒப்பந்தத்தில் தகராறு வந்தால் கம்பெனி எம்.டி.யே ஆர்பிட்ரேட்டர் என்று இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

போட்டாலும் அவர் உட்கார முடியாது. ஆர்பிட்ரேஷன் சட்டத்தில் 2015 திருத்தத்தில் வந்த 12(5) பிரிவு அவரைத் தகுதியற்றவர் ஆக்குகிறது. அவர் வேறு ஒருவரைத் தனியாக நியமிக்கவும் முடியாது என்று 2019-ல் தீர்ப்பு வந்தது. தகராறு எழுந்த பிறகு, அவரே ஆர்பிட்ரேட்டராக இருக்க “ஆட்சேபணை இல்லை” என்று எழுதித் தரக் கேட்டு ஒரு தாள் வரும். அதில் மட்டும் கையெழுத்திடாதீர்கள்.