மவுஸைத் தொடும் முன் விடையை எழுதச் சொல்லுங்கள்

கேள்வி: எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். வகுப்பறைக்கு புரொஜெக்டர் வந்ததிலிருந்து, ராத்திரி கண்விழித்து ஒவ்வொரு பாடத்துக்கும் ஸ்லைடு தயாரிக்கிறேன். மின்சுற்றுப் பாடத்துக்கு, கம்ப்யூட்டர் திரையிலேயே சுற்றை அமைத்துப் பார்க்கும் சிமுலேஷனும் போட்டுக் காட்டினேன். பிள்ளைகள் கண்கொட்டாமல் பார்த்தார்கள். ஆனால் டெஸ்ட் வைத்தால் பாதிப் பேர் தப்பாக எழுதியிருக்கிறார்கள். பேசாமல் கரும்பலகைக்கே திரும்பிவிடலாமா?

பதில்: அன்புச் சகோதரி, திரும்ப வேண்டாம். கண்விழித்து நீங்கள் பட்ட பாடு வீணாகக் கூடாது.

"கண்கொட்டாமல் பார்த்தார்கள்" என்று எழுதியிருக்கிறீர்களே, சிக்கல் அங்கேதான் இருக்கிறது. பார்ப்பதைத் தவிர அவர்களுக்கு வேறு வேலை இல்லை. பேட்டரியை இழுத்து வைத்ததும் ஒயரை மாட்டியதும் நீங்கள். அடுத்து என்ன ஆகும் என்று யோசிக்கும் முன்பே பல்பு எரிந்துவிட்டது.

நானும் பல வருடம் இப்படித்தான் நடத்தினேன். ஒருநாள் சிமுலேஷனைத் திறக்காமல், ஒரு பேட்டரி, தொடராக இரண்டு ஒரே மாதிரி பல்பு என்று பலகையில் வரைந்து, "எது அதிக வெளிச்சமாக எரியும்? நோட்டில் எழுதுங்கள்" என்றேன். பெரும்பாலோர் முதல் பல்பு என்று எழுதினார்கள். ஏன் என்று கேட்டதற்கு ஒரு மாணவி, "கரண்ட் அங்கேதானே முதலில் வருது, பாதியை அது தின்னுடும்" என்றாள். அத்தனை நாள் நான் நடத்திய பாடத்தின் அடியில் இந்த எண்ணம் அசையாமல் உட்கார்ந்திருந்தது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

பிறகு அவளையே அழைத்து மவுஸைக் கொடுத்தேன். 9 வோல்ட் பேட்டரி, 10 ஓம் பல்பு இரண்டு. இரண்டும் ஒரே அளவில் எரிந்தன. கரண்டை அளக்கும் அம்மீட்டரை முதல் பல்புக்கு முன்னால் வைத்தாள்: 0.45 ஆம்பியர். இரண்டு பல்புக்கும் நடுவில் வைத்தாள்: 0.45. கடைசியில் வைத்தாள்: அதே 0.45. வகுப்பே அமைதியாகிவிட்டது. தான் எழுதியது பொய்த்துப்போன பிள்ளைக்குத்தான் காரணம் தெரிந்துகொள்ளும் பசி வருகிறது. முதலில் ஊகம், பிறகு பார்ப்பது, கடைசியில் விளக்கம். இந்த வரிசையை மட்டும் மாற்றாதீர்கள்.

சிமுலேஷனுக்கு ஃபெட் (PhET) இணையதளம் நல்லது. இயற்பியலுக்காக 2001இல் நோபல் பரிசு பெற்ற கார்ல் வைமன், 2002இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. இலவசம், தமிழிலும் பல கிடைக்கின்றன. முன்னதாகவே டவுன்லோட் செய்துவைத்தால் இணையம் இல்லாமலும் ஓடும். கணக்கு ஆசிரியருக்கு, கணக்குப் பாடத்துக்கான ஜியோஜீப்ரா (GeoGebra) மென்பொருளைச் சொல்லுங்கள்.

ஒரு எச்சரிக்கை. திரையில் எலக்ட்ரான்கள் புள்ளிகளாக ஓடுவதைப் பார்த்துவிட்டு, நிஜ ஒயரிலும் அப்படியே விரைவதாகப் பிள்ளைகள் நம்பிவிடுவார்கள். உண்மையில் அவை வினாடிக்கு ஒரு மில்லிமீட்டர்கூட நகர்வதில்லை. ஒயர் முழுக்க அவை ஏற்கெனவே நிறைந்திருந்து, எல்லாம் ஒன்றாக நகரத் தொடங்குவதால்தான் பல்பு உடனே எரிகிறது. இதை நீங்களாகச் சொல்லிவிடுங்கள். அதோடு ஒரு டார்ச் பல்பையும் ஒயரையும் கையில் கொடுங்கள். லூஸ் கனெக்‌ஷன் என்றால் என்னவென்று விரல்தான் கற்றுக்கொடுக்கும்.

ஸ்லைடு பற்றிச் சுருக்கமாக: திரையில் உள்ளதையே வாசித்துக் காட்டாதீர்கள். கண் ஒரு வேகத்தில் படிக்க, காது இன்னொரு வேகத்தில் கேட்க, இரண்டும் மோதிக்கொள்ளும். படம் திரையில் இருக்கட்டும், விளக்கம் உங்கள் வாயிலிருந்து வரட்டும். பவர்பாயிண்ட் ஓடும்போது கீபோர்டில் 'B' எழுத்தை அழுத்தினால் திரை கறுப்பாகும். பிள்ளைகள் தங்களுக்குள் விவாதிக்கும் நேரத்தில் அதை அழுத்திவிடுங்கள், எல்லார் முகமும் ஒருவரை ஒருவர் பார்த்துத் திரும்பும். நாற்பது ஸ்லைடு வேண்டாம். நல்ல கேள்வி மூன்று இருந்தால் ஒரு பீரியட் போதாது.

அந்த டெஸ்ட் பேப்பர்களைக் கட்டி வைத்துவிடாதீர்கள். அதிகம் பேர் எழுதிய தப்பு எது என்று பார்த்து, யார் எழுதியது என்று சொல்லாமல் பலகையில் எழுதுங்கள். "இது சரியா என்று எப்படிச் சோதிக்கலாம்?" என்று கேட்டுவிட்டு, மவுஸை அவர்கள் பக்கம் நகர்த்துங்கள்.