யார் சமாதானம் சொல்ல வேண்டும்?

அன்புள்ள அக்கா,

கேரள எல்லையோரம், பாறசாலைக்குப் பக்கத்தில் இருக்கிறேன். மனைவி போய் நான்கு மாதம் ஆகிறது. சிகிச்சைக்கு வாங்கிய கடன் அப்படியே நிற்கிறது. சபைப் பெரியவர்கள் வந்து ‘நீங்கள் ஒன்றுக்குங் கவலைப்படாமல்’ என்ற வசனத்தை வாசித்து, அழுவது அவிசுவாசம் என்றார்கள். நான் அழவில்லை. மகளையும் அழாதே என்று அதட்டிவிட்டேன். ஆனாலும் சமாதானம் இல்லை. தினமும் எந்த வசனங்களை வாசிக்கலாம்? தமிழ் வேதாகமமா, பிள்ளைகள் வாசிக்கும் மலையாளமா? உபவாச ஜெபத்துக்குப் போகட்டுமா?

அன்புள்ள தம்பி,

உபவாசம் உடம்பு தாங்கினால் இருங்கள். கடனுக்கு வசனம் தேட வேண்டாம். கொடுத்தவர்களை நேரில் பார்த்துத் தவணை கேளுங்கள்.

மகளை அதட்டியதைத்தான் என்னால் தாண்டிப்போக முடியவில்லை. அம்மாவைப் பறிகொடுத்த பிள்ளையை அழாதே என்று சொல்ல உங்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது? வந்தவர்கள் பிலிப்பியர் நாலாம் அதிகாரத்தை வாசித்தார்களே, இரண்டாம் அதிகாரத்தை ஏன் விட்டார்கள்? பவுல் விலங்கோடு இருந்து எழுதிய கடிதம் அது. தன் உடன்வேலையாள் எப்பாப்பிரோதீத்து சாகக் கிடந்து பிழைத்ததைச் சொல்லும்போது, ‘துக்கத்தின்மேல் துக்கம்’ தனக்கு வராதபடி தேவன் இரங்கினார் என்கிறார். கவலைப்படாதே என்று எழுதிய அதே கை, தன் துக்கத்தையும் மறைக்காமல் எழுதியிருக்கிறது. கடிதத்தை முழுதாக வாசிக்காமல் ஒரு வரியைப் பிய்த்துக்கொண்டு துக்கவீட்டுக்குப் போகிறவர்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு. அது இன்று நேற்று வந்ததில்லை.

1956 நவம்பர் 1-ல் எல்லை போட்டபோது விளவங்கோடு தாலுகா இந்தப் பக்கம் தமிழகத்துக்கு வந்தது, நெய்யாற்றின்கரை அந்தப் பக்கம் கேரளத்தில் நின்றது. என் அம்மா அந்தப் பக்கத்துக்காரி. பேச்சில் இரண்டு மொழியும் கலந்தே வரும். என் தம்பி பத்தொன்பது வயதில் காய்ச்சலில் போனான். அப்போது எங்கள் வீட்டுக்கும் பெரியவர்கள் வந்தார்கள். எல்லாம் நன்மைக்கே, தேவசித்தம் என்றார்கள். அம்மா காப்பி போட்டுக் கொடுத்து அனுப்பிவிட்டு, அடுக்களைப் படியில் உட்கார்ந்து மேலே பார்த்துச் சொன்னாள்: “இதுக்கு நீருதான் சமாதானம் பறயணும்.”

தமிழில் சமாதானம் சொல்வது என்றால் எதையாவது சொல்லித் தேற்றுவது, சாக்குச் சொல்வதும்கூட. மலையாளத்தில் சமாதானம் பறயணும் என்றால், நீ இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும் என்று பொருள். வந்தவர்கள் தமிழில் சமாதானம் சொன்னார்கள். அம்மா மலையாளத்தில் கேட்டாள், கேட்க வேண்டியவரிடமே கேட்டாள். யோவான் 14:27-ஐ எடுத்துப் பாருங்கள். ‘சமாதானத்தை உங்களுக்கு வைத்துப்போகிறேன், என்னுடைய சமாதானத்தையே உங்களுக்குக் கொடுக்கிறேன்.’ சமாதானம் சொல்கிறேன் என்று இயேசு சொல்லவில்லை தம்பி. இதைத்தான் சில மாதங்களாக நினைத்துக்கொண்டிருந்தேன், அப்போதுதான் உங்கள் கடிதம் வந்தது.

அம்மா செய்தது அவிசுவாசமா? அப்படியென்றால் 88-ஆம் சங்கீதத்தை வேதாகமத்திலிருந்து கிழித்துவிட வேண்டும். ‘கர்த்தாவே, ஏன் என் ஆத்துமாவைத் தள்ளிவிடுகிறீர்? ஏன் உமது முகத்தை எனக்கு மறைக்கிறீர்?’ மற்ற முறையீட்டுச் சங்கீதங்கள் பெரும்பாலும் கடைசியில் துதிக்கு வந்து சேரும். இது சேராது. 18 வசனமும் இருட்டிலேயே முடிகிறது. ஆனால் இதைப் பாடியவன் முதல் வரியில் தேவனை ‘என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே’ என்று கூப்பிட்டுவிட்டுத்தான் இவ்வளவும் கேட்கிறான். இல்லாதவரிடம் யாரும் இரவும் பகலும் ஏன் என்று கேட்டுக்கொண்டிருக்க மாட்டார்கள்.

அம்மா பல மாதம் அந்தப் படியில் உட்கார்ந்தாள். சில நாள் வசனம், சில நாள் வெறும் ஒப்பாரி. பதில் வந்ததா என்று பிற்பாடு ஒருமுறை கேட்டேன். “பதில் ஒண்ணும் வரல்ல மக்களே. ஆனா கேட்டுட்டு இருந்தாரு” என்றாள். அவள் மறுபடியும் மீன்காரியிடம் விலை பேச ஆரம்பித்ததை நாங்கள்தான் கவனித்தோம், அவள் கவனிக்கவில்லை.

சரி, எந்த வசனம் என்று கேட்டீர்கள். இன்று ராத்திரி மகளைப் பக்கத்தில் உட்கார வைத்து, அதட்டியதற்கு முதலில் மன்னிப்புக் கேளுங்கள். அப்புறம் 88-ஐ வாசியுங்கள், அவளுக்கு எந்த மொழியில் அழுகை வருமோ அந்த மொழியில்.